முத்தலிப் பாயின் நீண்ட சுஜூது

சிங்கப்பூர் தேக்கா சந்தையில் அப்துல் முத்தலிப்பிடம் ஆட்டுக்கறி வாங்குகிறவர்கள் தராசைப் பார்ப்பதில்லை, அவர் கையைத்தான் பார்ப்பார்கள். கொக்கியில் தொங்கும் தொடையை அடியில் ஒரு கை கொடுத்துத் தாங்கிப் பார்ப்பார். உதட்டைப் பிதுக்குவார். "இது உங்க வீட்டுக்குக் காணாது, அடுத்ததை எடுத்துக்குங்க" என்பார். தராசு பிறகு வந்து ஆமாம் போடும். முழு ஆட்டைத் தோளில் சாய்த்துக்கொண்டு அந்த ஈரத்தரையில் அவர் நடந்து வரும்போது எதிரே வருகிறவர்கள்தான் ஒதுங்கவேண்டும். வாயும் சும்மா இருக்காது. "சாப்ஸ் கேக்கிறீங்க சரி, வீட்டுக்காரருக்குப் பல்லு இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் கத்தியை எடுப்பார். கேட்டவள் சிரித்துக்கொண்டே கால் கிலோ கூடுதலாக வாங்கிப் போவாள்.

அவருடைய ஒரே மகள் ஹம்னாவுக்குச் சின்ன வயதில் ஊஞ்சல் என்றால் அவர் கைதான். கடையை மூடும் நேரத்தில் அவர் கையை மடக்கி நீட்டுவார், இவள் அதில் தொங்கி ஆடுவாள். கறிக்கட்டைக்குப் பின்னாலிருந்து சித்தப்பா அஸ்மத் அண்ணனைப் பார்த்து, "நானா, புள்ளையைத் தராசில தொங்கவிடாதீங்க" என்று கத்துவார்.

இந்த மனிதருக்கு ஈரல் கெட்டுப்போனது. வாழ்நாள் முழுவதும் ஆட்டு ஈரலைப் பளபளவென்று அடுக்கி வைத்து விற்றவருக்கு. சர்க்கரை நோய் உள்ளே புகுந்து, கொழுப்பு படிந்து, ஈரல் கல்லாகிப்போனதாக டாக்டர் சொன்னார். அக்கம்பக்கம் அதைக் கேட்குமா? "குடிப்பாரோ?" என்று ஒரு குசுகுசுப்பு கிளம்பியது. வாசனைத் தைலத்தில் சாராயம் இருக்கும் என்று அதைக்கூடத் தொடாத மனிதர் அவர். புக்கிட் பாஞ்சாங் வீட்டின் மின்தூக்கியில் ஒருத்தி அப்படிக் கேட்டபோது, மனைவி சபுரா ஏழாவது மாடி வருவதற்குள் அவளை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டாள்.

மாற்று ஈரல் வைத்தால்தான் பிழைப்பார் என்றார்கள். ஹம்னா யாரையும் கேட்கவில்லை. அவளுக்கு நிக்காஹ் பேசி வைத்திருந்தது. மாப்பிள்ளை ரிஸ்வான், பொங்கோலில் வீடு. அவனிடம் தொலைபேசியில், "என் ஈரல்ல பாதிக்கு மேல எடுத்து வாப்பாவுக்கு வைக்கப் போறாங்க. நிக்காஹ் தள்ளிப்போகும். உங்க வீட்ல ஏதாவது சொன்னா இப்பவே சொல்லிடுங்க" என்றாள். ரிஸ்வான் நல்லவன். "நான் வெயிட் பண்றேன் லா" என்பதோடு நிறுத்திக்கொண்டான்.

அறுவை சிகிச்சை நன்றாகவே நடந்தது. வெட்டிய ஈரல் வளரும் என்பது ஆண்டவன் போட்ட கணக்கு. இரண்டு உடம்பிலும் வளர்ந்தது. ஹம்னா சில வாரங்களில் எழுந்து நடந்தாள், பிறகு வேலைக்கும் போனாள். "வாப்பா தானா எழுந்து நடமாடட்டும். அவர் தரையில உட்கார்ந்து, ரிஸ்வான் கையைப் பிடிச்சு என்னை ஒப்படைக்கணும். அப்பத்தான் நிக்காஹ்" என்று வீட்டில் அறிவித்துவிட்டாள். வலி தெரிந்த பெண்ணின் பேச்சு, யாரும் மறுக்கவில்லை.

தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

அந்த வீட்டில் ஒரு கதை உண்டு. முத்தலிப்பின் தகப்பனார், நாகூரிலிருந்து வந்து தேக்காவில் கடை போட்டவர், மஞ்சள் காமாலையில் கிடந்தார். உப்பில்லாக் கஞ்சியும் மோருமாகப் பத்தியம் காத்தார்கள். பெருநாள் அன்று மனுஷர் பொறுக்கமாட்டாமல் ஒரு தட்டு பிரியாணி தின்றார். மூன்றாம் நாள் மௌத். அவரைக் கொன்றது நோயா பிரியாணியா என்று யாரும் யோசிக்கவில்லை. ஈரலுக்குக் கறி எமன் என்று கறிக்கடைக்காரர் குடும்பமே நம்பியது. ஹம்னா படித்த பெண்தான், காப்பீட்டு நிறுவனத்தில் நல்ல வேலை. ஆனால் பாலோடு குடித்த பயத்தைப் படிப்பு என்ன செய்யும்?

மருத்துவமனையில் உணவு ஆலோசகர் முட்டை, மீன், கோழி, பருப்பு எல்லாம் நன்றாக வேகவைத்துத் தாராளமாகக் கொடுக்கச் சொன்னார். ஹம்னா தலையாட்டினாள். வீட்டுக்கு வந்ததும் சபுராவிடம், "அவங்க எல்லாருக்கும் பொதுவா சொல்றது உம்மா. இது பச்சை ரணம். கொஞ்ச நாள் கஞ்சியே கொடுப்போம்" என்றாள். கொஞ்ச நாள் என்பது மாதங்களாயிற்று. காலையில் கஞ்சி, மதியம் குழைந்த சோறும் ரசமும், இரவு ரொட்டியைப் பாலில் நனைத்து. நடக்கச் சொல்லியிருந்தார்கள், தையல் விட்டுப்போகும் என்று அதையும் வீட்டு வாசலோடு நிறுத்தினாள். தண்ணீர் டம்ளரை அவர் எட்டி எடுத்தாலே, "வாப்பா!" என்று ஓடிவருவாள். தொழுகையை நாற்காலியில் உட்கார்ந்து தொழ வைத்தாள். நோயாளிக்கு மார்க்கம் கொடுத்த சலுகைதான் அது, குற்றமில்லை.

ஒருநாள் முத்தலிப் மெல்லக் கேட்டார். "ஹம்னா, அஸ்மத்கிட்டச் சொல்லி கொஞ்சம் நெஞ்செலும்பு சூப்பு..."

ஹம்னாவுக்கு எங்கிருந்து அந்த ஆத்திரம் வந்ததோ. "நான் வயித்தை அறுத்துக் கொடுத்தது நீங்க சூப்பு குடிச்சுச் சாகவா வாப்பா?"

சொன்ன பிறகு அழுதாள். அவர்தான் அவளைச் சமாதானப்படுத்தினார். அதற்குப் பிறகு அவர் எதையும் கேட்கவில்லை. தன் உடம்பிலிருந்து வெட்டிக் கொடுத்த மகளின் முன்னால் எந்தத் தகப்பன் வாய் திறப்பான்?

வேடிக்கை என்னவென்றால், பார்க்கிறவர்கள் எல்லாரும் அவர் தேறிவிட்டதாகவே சொன்னார்கள். மருந்தினால் முகம் உப்பிக் கன்னம் பளபளத்தது. வயிறும் முன்னுக்கு வந்திருந்தது. எடைக் கருவியில் ஏறினால் பழைய எடைக்கு ஒன்றும் குறைவில்லை. "மாஷா அல்லாஹ், மாப்பிள்ளை மாதிரி ஆயிட்டீங்க பாய்" என்றார் கடைக்குப் பக்கத்துப் பூக்கடைக்காரர், பார்க்க வந்தபோது. முத்தலிப் சோபாவில் உட்கார்ந்தபடியே சிரித்தார். உட்கார்ந்தபடியேதான் எல்லாரையும் வரவேற்றார், அப்படியே வழியும் அனுப்பினார். அதை யாரும் கவனிக்கவில்லை, ஹம்னாவும்தான்.

இவ்வளவு தேறிய பிறகு நிக்காஹ் தேதி குறிக்க என்ன தடை? ரிஸ்வான் வீட்டில் கூடி நிச்சயம் செய்வதாக முடிவாயிற்று. பொங்கோலில் நீர்க்கரையைப் பார்த்த பெரிய வீடு. இரண்டு பக்கத்து உறவும் வந்திருந்தார்கள். தேதி பேசி முடித்து, இனிப்பு கை மாறியபோது பொழுது சாய்ந்து மஃரிபு தொழுகை நேரம் வந்துவிட்டது. கூடத்து நாற்காலிகளை ஒதுக்கிப் பாய்களை விரித்தார்கள். ஆண்கள் கூடத்தில், பெண்கள் உள்ளறையில்.

ரிஸ்வானின் தகப்பனார் முத்தலிப்பின் தோளைத் தொட்டார். "இன்னிக்கு நீங்கதான் முன்னால நின்னு தொழ வைக்கணும் சம்பந்தி."

நாற்காலி வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சம்பந்தி வீடு, மகளுடைய நிச்சயம், தேறிவிட்டீர்கள் தேறிவிட்டீர்கள் என்று பிற்பகல் முழுவதும் காதில் விழுந்த பேச்சு. முத்தலிப் எழுந்துபோய் முன்னால் நின்றார்.

உள்ளறையில் பெண்கள் வரிசையில் நின்ற ஹம்னாவுக்கு அவருடைய குரல் மட்டும்தான் கேட்டது. நாற்காலியில் தொழுதபோது முணுமுணுப்பாக இருந்த குரல் இப்போது கூடத்தை நிறைத்து வந்தது. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. என் வாப்பா நிற்கிறார், நான் கொடுத்த ஈரல் நின்று ஓதுகிறது என்று நினைத்துக்கொண்டாள். தொழுகையில் நினைக்கக்கூடாத நினைப்புதான், ஆனால் நினைத்தாள்.

குனிந்தார்கள், நிமிர்ந்தார்கள், நெற்றியைத் தரையில் வைத்து சுஜூது செய்தார்கள். நிமிர்ந்து உட்கார்ந்து இரண்டாவது சுஜூதுக்குப் போனார்கள். கூட்டுத் தொழுகையில் முன்னால் நிற்பவர் 'அல்லாஹு அக்பர்' என்று சொல்லி எழுந்தால்தான் பின்னால் இருப்பவர்கள் எழலாம். அதுவரை நெற்றி தரையில்தான்.

குரல் வரவில்லை.

ஹம்னா சுஜூதில் சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்தாள். திரும்பவும் சொன்னாள். திரும்பத் திரும்பச் சொல்லி நாக்கு வறண்டது. கூடத்தில் ஒரு சத்தமில்லை. பக்கத்தில் ரிஸ்வானின் தாயார் மெல்ல விசும்பத் தொடங்கினார். செத்துப் பிழைத்த மனுஷர், மகளுக்காக இறைவனிடம் உருகிக் கேட்கிறார் என்று அந்த அம்மாளுக்குத் தோன்றியிருக்கிறது. வரிசை முழுக்க அதே எண்ணம்தான். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். ஹம்னாவுக்கும் கண் நிறைந்தது. எனக்காகக் கேட்கிறார் என்றே அவளும் நம்பினாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. பாயை நகத்தால் பிறாண்டுகிற சத்தம். பிறகு ஒரு மூச்சு, சுமையைத் தூக்க முயன்று முடியாதவனின் மூச்சு. அந்த மூச்சை அவள் கேட்டதே இல்லை. அவருக்குத் தூக்க முடியாத சுமை என்று ஒன்று இருந்ததே இல்லை.

முன்னால் தொழ வைப்பவர் தவறினால் ஆண்கள் 'சுப்ஹானல்லாஹ்' என்று குரல் கொடுப்பார்கள், பெண்கள் கையைத் தட்டுவார்கள். ஹம்னா நிமிர்ந்து கையைத் தட்டினாள். ஒரு தட்டு. மறுபடியும் ஒரு தட்டு. கூடத்தில் யாரோ தயக்கமாக, "சுப்ஹானல்லாஹ்" என்றார்கள். அதற்குப் பதிலாகத் தொப்பென்று ஒரு சத்தம்.

தொழுகையை முறித்துக்கொண்டு ஓடினாள்.

முத்தலிப் பக்கவாட்டில் சரிந்து கிடந்தார். வெள்ளைக் கைலி முழங்காலுக்கு மேலே சுருண்டிருந்தது. தகப்பனின் முழங்காலுக்கு மேலே மகள் பார்க்கும் வழக்கம் அந்த வீடுகளில் இல்லை. ஹம்னா வளர்ந்த பிறகு முதல் தடவையாக அன்றுதான் பார்த்தாள். அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. முழங்கால் மட்டும் பெரிதாகப் புடைத்துத் தெரிந்தது. அதற்கு மேலே தொடை இருக்கவேண்டிய இடத்தில் எலும்பின்மேல் தளர்ந்த தோல் தொங்கிக்கொண்டிருந்தது. மேலே அந்த உப்பிய முகம், முன்தள்ளிய வயிறு. இரண்டு வேறு ஆட்களை வெட்டி ஒட்டியதுபோல் இருந்தது.

"அழுது துஆ கேக்கிறீங்கன்னு நினைச்சோம் பாய்" என்றார் ரிஸ்வானின் தகப்பனார், முகம் வெளுத்து.

"அழத்தான் செஞ்சேன்" என்றார் முத்தலிப். "எழும்ப முடியல சம்பந்தி. கையை ஊனினேன், கை கேக்கல. காலை மடக்கினேன், கால் கேக்கல." அவர் முகத்தில் வலியில்லை, வெறும் திகைப்பு. தன் கடைக்கு வந்து யாரோ எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விட்டதை இப்போதுதான் பார்த்த முகம். ரிஸ்வான் அக்குளில் கைகொடுத்து அவரை நாற்காலியில் உட்காரவைத்தான்.

ஈரல் போய்விட்டது என்று ஹம்னா முடிவு செய்துவிட்டாள். உடம்பு என் ஈரலை ஏற்கவில்லை, எல்லாம் வீண். மறுநாள் மருத்துவமனையில் இரத்தப் பரிசோதனை செய்தார்கள். டாக்டர் முடிவுகளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். ஈரல் அருமையாக வேலை செய்கிறது, குறையே இல்லை என்றார். ஹம்னாவுக்கு அந்த நல்ல சேதிதான் முதல் அதிர்ச்சி. "அப்போ இது என்ன டாக்டர்?" என்றாள். அவர் இயன்முறை மருத்துவர் அனுப்ரியாவிடம் அனுப்பினார்.

அனுப்ரியா சின்னப் பெண், கலகலப்பானவள். "அங்கிள், கையை மார்ல கட்டிக்கிட்டு அந்தச் சேர்லேர்ந்து எழுந்திருங்க பார்ப்போம்" என்றாள். முத்தலிப் முன்னால் சாய்ந்தார். பின்னால் சாய்ந்தார். முகம் சிவந்தது. பிட்டம் இருக்கையை விட்டு ஒரு விரலளவு எழும்பி மறுபடியும் விழுந்தது. ஹம்னா ஓடிப்போய்த் தாங்கப் போனாள். அனுப்ரியா கையைக் காட்டி நிறுத்தினாள். பிறகு கையால் அழுத்திப் பார்க்கும் ஒரு கருவியைக் கொடுத்தாள். ஆட்டுத்தொடையை ஒரு கையால் தாங்கி எடை சொன்ன கை அதை அழுத்தியது. வந்த சின்ன எண்ணை அனுப்ரியா குறித்துக்கொண்டாள். கணினியைத் திருப்பி வைத்தாள்.

திரையில் வயிற்றின் குறுக்குவெட்டுப் படங்கள் இரண்டு. ஒன்று சிகிச்சைக்கு முன்னால் எடுத்தது, மற்றது போன வாரம் வழக்கமான பரிசோதனையில் எடுத்தது. அவள் விளக்க வாயெடுப்பதற்குள் முத்தலிப் நாற்காலியோடு முன்னால் சாய்ந்தார். எத்தனையோ வருடம் கட்டையில் வைத்துத் துண்டு போட்டதை, அதே வாட்டத்தில், இன்று திரையில் பார்க்கிறார்.

"இது முதுகுக் கறி" என்றார் விரலை வைத்து. "இது கொழுப்பு. இந்தப் படத்துல கறியே நூல் மாதிரி இருக்கே. உள்ளேயும் கொழுப்பு ஓடியிருக்கு." கொஞ்ச நேரம் பார்த்தார். "இந்த மாதிரி ஒண்ணு கடைக்கு வந்தா நான் திருப்பி அனுப்பிருவேன்மா. யாரோடது இது?"

"உங்களோடதுதான் அங்கிள்."

முத்தலிப் விரலை எடுத்துக்கொண்டார். பிறகு அவர் தன் தொடையின் அடியில் கைகொடுத்துத் தாங்கினார், கடையில் செய்வதுபோலவே. உதட்டைப் பிதுக்கவில்லை. அவர் கண்ணில் நீர் திரண்டதை ஹம்னா பார்த்தாள்.

"புது ஈரல் வந்துட்டா சதை தானா வந்துடும்னு எல்லாரும் நினைக்கிறாங்க" என்றாள் அனுப்ரியா. "வராது. ஈரல் கெட்டுப்போன காலத்துலயே சதை கரைஞ்சிருக்கும். ஆபரேஷன், மாத்திரை, படுக்கை, எல்லாம் சேர்ந்து இன்னும் கரைக்கும். எடை குறையாது, கொழுப்பும் நீரும் இடத்தைப் பிடிச்சுக்கும், அதான் கண்ணுக்குத் தெரியல. இப்படியே விட்டா விழுவாங்க, எலும்பு முறியும், சளி பிடிச்சாகூட நெஞ்சைக் கட்டிக்கும். நல்ல ஈரலை வச்சுக்கிட்டே படுக்கையில போனவங்க இருக்காங்க. சரி, தினமும் என்ன சாப்பிடுறீங்க?"

"கஞ்சி" என்றார் முத்தலிப்.

"அப்புறம்?"

"ரசஞ்சோறு. ரொட்டி."

"முட்டை, மீன், கறி? நீங்க கறிக்கடைதானே வச்சிருக்கீங்க? யாரு நிறுத்தினது?"

ஹம்னா வாய் திறப்பதற்குள் முத்தலிப் அவசரமாகச் சொன்னார். "நான்தாம்மா. எனக்குத்தான் கறி வாடையே பிடிக்கல இப்ப. இவங்க பாவம், கொடுக்கத்தான் பார்த்தாங்க."

நெஞ்செலும்பு சூப்பு கேட்ட மனுஷர். மகளுக்காக முழுப் பொய் சொன்னார், அதுவும் சரளமாக. அந்தப் பொய்தான் ஹம்னாவை உடைத்தது.

"நான்தான் நிறுத்தினேன்" என்றாள். "கேட்டார், நான் கொடுக்கல. நடக்க விடல. தண்ணி டம்ளரைக்கூடத் தொட விடல. எல்லாம் நான்தான்." ஈரலைக் கொடுத்த கையாலேயே அவருடைய தசையைத் தின்றிருக்கிறோம் என்ற எண்ணம் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. உயிரைக் கொடுத்தேன் கொடுத்தேன் என்று ஒவ்வொரு நாளும் மனதுக்குள் சொல்லிக்கொண்டவள் அவள். கொடுத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப எடுத்துக்கொண்டும் இருந்திருக்கிறாள்.

அனுப்ரியா அவளைத் திட்டவில்லை. அந்தப் பெண் இதை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கவேண்டும். "அங்கிளுக்கு எக்சர்சைஸ் சொல்லித் தரேன். உங்களுக்கும் ஒண்ணு இருக்கு ஹம்னா" என்றாள். "அவர் எழுந்திருக்கும்போது கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க. அவ்வளவுதான். ஆனா அதுதான் கஷ்டம்."

வீட்டுக்கு வந்ததும் ஹம்னா நிக்காஹை மறுபடியும் தள்ளிப்போடுவதாகச் சொன்னாள். முத்தலிப் பல மாதங்களுக்குப் பிறகு பழைய கடைக்குரலில் பேசினார். "தேதி குறிச்சது குறிச்சதுதான். தள்ளிப்போட்டா எனக்கு எழும்பணும்னு என்ன அவசரம் இருக்கு?"

அன்று சாயங்காலமே அஸ்மத் நெஞ்செலும்போடு வந்து நின்றார். சபுரா குக்கரில் விசில் மேல் விசிலாக விட்டாள். மாமனாரின் மௌத் இன்னும் அவள் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது, விசிலில் அது அடங்கட்டும் என்று நினைத்தாளோ என்னவோ. ஹம்னா கிண்ணத்தை அவர் முன்னால் வைத்தாள். அவர் குடிக்கக் குடிக்க அவள் வாயில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஏதாவது ஆகிவிடுமோ என்று. ஒன்றும் ஆகவில்லை. அரைக் கிண்ணத்துக்கு மேல் அவரால்தான் முடியவில்லை. "நானா, பாதி சூப்பு மிச்சம் வைக்கிற ஆளா நீங்க?" என்று அஸ்மத் அதட்டினார். அதட்டிவிட்டு சமையலறைக்குள் போய் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

காலையில் முட்டை, மதியம் மீன், இரவு கோழியோ கறியோ. தொழுகை நாற்காலியில் இப்போது தொழுகையோடு இன்னொரு வேலையும் நடந்தது. உட்கார வேண்டும், கையை ஊன்றாமல் எழ வேண்டும். முதலில் இருக்கையில் இரண்டு தலையணை போட்டு உயரமாக்கினார்கள், பிறகு ஒன்றை எடுத்தார்கள். ரப்பர் பட்டையைக் காலில் மாட்டி இழுத்தார். அடுக்குமாடிக்குக் கீழே அஸ்மத்தோடு நடந்தார், எல்ஆர்டி ரயில் நிலையம் வரை, பிறகு பக்கத்துச் சந்தை வரை.

ஈரல் வளர்ந்த வேகத்தில் சதை வளரவில்லை. ஈரல் அடக்கமான பிள்ளை, சொல்லாமலே வளர்ந்தது. தசையோ ஒவ்வொரு நாளும் கெஞ்ச வைத்தது. சில நாள் நேற்று முடிந்தது இன்று முடியாது. எழ முயன்று நாற்காலியில் திரும்ப விழும்போது அவர் முகத்தில் அந்தப் பொங்கோல் திகைப்பு வந்து போகும். ஹம்னா சுவரோடு ஒட்டி நின்று கையை மார்போடு கட்டிக்கொள்வாள். கட்டிய கைக்குள் நகம் தோலில் பதியும். வயிற்றை வெட்டக் கொடுத்துவிட்டுப் படுத்திருந்தது இதைவிடச் சுலபம் என்று அவளுக்குத் தோன்றும்.

நிக்காஹ் நாள் வந்தது. மஸ்ஜிதில் முத்தலிப் தரையில்தான் உட்கார்ந்தார். ரிஸ்வானின் கையைப் பிடித்து மகளை ஒப்படைத்தார். எழும்போது ஒரு பக்கம் அஸ்மத், மறுபக்கம் ரிஸ்வான், யார் பிடித்தார்கள் என்று தெரியாதபடி கூட்டத்தில் எழுப்பிவிட்டார்கள். ஹம்னாவுக்கு அதுவே போதுமாக இருந்தது. தொடை இன்னும் பழைய தொடையில் பாதிகூட இல்லை, அனுப்ரியாவே சொல்லியிருந்தாள். முழுசாகத் திரும்ப வராமலும் போகலாம் என்றும் சொல்லியிருந்தாள்.

மஸ்ஜிதிலிருந்து பொங்கோலுக்குப் போனார்கள். அதே கூடம், அதே பாய்கள், அதே மஃரிபு. ரிஸ்வானின் தகப்பனார் இந்தத் தடவை யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் முதல் வரிசை ஓரத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு வைத்திருந்தார். நல்ல மனிதர். உள்ளறையில் ஹம்னா பட்டுப் புடவையோடு முகம் கைகால் கழுவி உளூச் செய்துவிட்டு வந்து நின்றாள். முகப்பூச்சு கலைந்துவிட்டதே என்று அலங்காரக்காரி தலையில் அடித்துக்கொண்டாள்.

தொழுகைக்கு அழைத்தார்கள். தொழ வைக்கும் குரல் எழுந்தது.

வாப்பாவின் குரல்.

பக்கத்தில் சபுராவின் உடம்பு விறைத்ததை ஹம்னாவால் உணர முடிந்தது. யார் கேட்டார்கள் அவரை? யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். அவரே நாற்காலியைத் தாண்டிப் போய் முன்னால் நின்றிருக்கிறார். வேண்டாம் வாப்பா, கல்யாண வீடு, எல்லாரும் பார்க்க மறுபடியும் வேண்டாம் என்று அவள் மனம் கூவியது. குரல் ஓதி முடித்தது. குனிந்தார்கள், நிமிர்ந்தார்கள், சுஜூதுக்குப் போனார்கள். உட்கார்ந்தார்கள். இரண்டாவது சுஜூது.

நெற்றி தரையில். கூடத்தில் சத்தமில்லை.

இந்தத் தடவை உள்ளறையில் யாரும் விசும்பவில்லை. எல்லாருக்கும் தெரியும். வரிசை முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஹம்னாவின் இரண்டு கைகளும் பாயில் ஊன்றியிருந்தன. தட்டவேண்டும் என்று அவை துடித்தன. ஒரு தட்டுத் தட்டினால் போதும், பத்துப் பேர் ஓடிப்போய்த் தூக்கிவிடுவார்கள். அவள் உள்ளங்கையைப் பாயோடு அழுத்தினாள், விரல் நுனி வெளுக்கும்வரை அழுத்தினாள்.

பாய் உரசும் சத்தம் கேட்டது. பிறகு அந்த மூச்சு.

"அல்லாஹு..."

தரையோடு தரையாக, நெரிபட்டு வந்தது குரல். அங்கேயே நின்றது. பிறகு அது இழுபட்டு, நடுங்கி, ஒவ்வொரு அங்குலமாக மேலேறியது. ஹம்னா நெற்றியைத் தரையில் வைத்தபடியே காதால் அதைத் தொடர்ந்தாள். முழங்கால் உயரம், இடுப்பு உயரம், நெஞ்சு உயரம்.

"...அக்பர்."

அது ஓர் ஆள் உயரத்திலிருந்து வந்தது.

உள்ளறை முழுவதும் எழுந்து நின்றது. அவள் கண்ணீர் தாடையில் வழிந்து புடவையில் சொட்டியது, துடைக்கக் கூடாது, துடைக்கவும் இல்லை. கூடத்தில் அவர் மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த ஓதலைத் தொடங்கினார். ஹம்னா கையைக் கட்டி நின்றாள். மஃரிபுக்கு மூன்று ரக்அத்து, மூன்று சுற்று. இன்னும் ஒரு தடவை அவர் எழ வேண்டும்.